சினாராவின் கை எழவில்லை

வேகமாகப் போகிற காரைக் கண்டு சினாரா என்றுமே பயந்ததில்லை. பனியில் வழுக்கிக்கொண்டு வரும் லாரியோ, குடித்துவிட்டு ஒருவன் ஓட்டிவரும் ஜீப்போ அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வேகம் குறைகிற கார்தான் அவள் உயிரை எடுக்கும். பின்னால் வரும் வண்டியின் சத்தம் லேசாக இறங்கினால் போதும், கையில் மாவு மூட்டை இருந்தாலும் சரி, சாலையை விட்டு இறங்கி வாய்க்கால் ஓரமாக நின்றுவிடுவாள். வண்டி தாண்டிப் போய்விடும். ஓட்டுகிறவன் பாவம், குழியைப் பார்த்துப் பிரேக் போட்டிருப்பான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் புருஷனே டிரைவர். எமில்பெக் எங்கள் ஊருக்கும் நாரின் நகரத்துக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவன். அந்த வேனின் முன்சீட்டில் சினாரா ஒருநாள்கூட உட்கார்ந்தது கிடையாது. கடைசி வரிசையில் கதவுப் பக்கமாக ஒடுங்கிக்கொள்வாள். முன்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தாள். ஊரும் நம்பியது. "டிரைவர் பொண்டாட்டிக்கு வண்டி ஒத்துக்கலையாம், இனிமே அவளுக்கு ஒரு கழுதைதான் வாங்கித் தரணும்" என்று சிரித்தது.

அவள் கல்யாணக் கதை எங்கள் ஊரில் புதுக் கதையும் இல்லை, மறைத்து வைத்த கதையும் இல்லை. நாரினில் ஆசிரியர் படிப்பில் இரண்டாவது வருஷம் இருந்தாள். ஓர் இலையுதிர்காலத்து மத்தியானம், கல்லூரி வாசலில் ஒரு கார் மெதுவாகி நின்றது. அன்று சாயங்காலம் எமில்பெக்கின் வீட்டில், திரைக்குப் பின்னால், தலையில் மணப்பெண்ணுக்குக் கட்டும் வெள்ளைத் துணியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் வரிசையாக வந்து ஆசி சொன்னார்கள். ஆசி சொல்லும்போது எல்லோரும் இரு கையையும் ஏந்த வேண்டும், முடிந்ததும் 'ஓமின்' என்று முகத்தைத் தடவிக்கொள்ள வேண்டும். இங்கே குழந்தைக்குப் பேச்சு வருமுன்பே அந்தப் பழக்கம் வந்துவிடும். சினாராவும் ஏந்தினாள். அழுதுகொண்டே ஏந்தினாள், ஆனால் ஏந்தினாள். மறுநாள் அவள் அப்பா குதிரையில் வந்து வாசலில் நின்று மகளைக் கேட்டபோது அந்த வீட்டார் சொன்ன ஒரே சாட்சி அதுதான். "உங்க பொண்ணு கை ஏந்திட்டா. ஊரே பாத்துச்சு." அவர் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்.

எமில்பெக் கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. குடிப்பதில்லை. கை நீட்டியதில்லை. அவளுக்கு நாத்தனார்கள் கொடுத்த தொல்லையை நிறுத்தியதும் அவன்தான். ஆனால் விருந்து என்றால், நாலு பேர் கூடிவிட்டால், அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. "கார்ல வச்சு என்னைக் கடிச்சா பாருங்க! இந்த விரல்ல இன்னும் தழும்பு இருக்கு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், வீட்டுக்கு நாய் வாங்க வேண்டியதில்லைன்னு!" எல்லோரும் உருண்டு சிரிப்பார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டே சினாராவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எங்கள் ஊர்ப் பெண்கள் நன்றாகப் பழகி வைத்திருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாத்தியாரம்மா ஆக வேண்டியவள் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு வந்து சேர்ந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஆனால் பிள்ளைகள் வாயிலிருந்து வருவதைக் கேட்க அந்தச் சமையலறை ஜன்னலைப் போல நல்ல இடம் வேறு கிடையாது. பரீட்சை முடிந்து எந்தக் கல்லூரிக்குப் போவது என்று பேச்சு வந்ததே, அப்போது பார்க்க வேண்டும். மேடையில் ஏற்றிக் கேட்டால் நாடு என்பார்கள், சேவை என்பார்கள். கஞ்சித் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கையில் உண்மை வரும். மல்யுத்தக்காரப் பையன் தன் பயிற்சியாளர் எங்கே வேலைக்குப் போகிறாரோ அங்கே போகிறான். குண்டுப் பெண்ணும் ஒல்லிப் பெண்ணும் ஒரே கல்லூரிக்குத்தான் போவார்கள், எந்தப் படிப்பு என்பது அப்புறம். ஒருவனுக்கு விடுதியில் வெந்நீர் வர வேண்டும். இன்னொருவனுக்கு நகரத்தில் பெரியம்மா இருக்கிறாள், அவள் சோறு போடுவாள், ஆகவே அவள் வீட்டுக்கு எது பக்கமோ அதுதான் அவனுக்குச் சிறந்த கல்லூரி.

சினாராவின் மகள் பெகிமாய்க்கும் இப்படி ஒரு காரணம் இருந்தது. சந்தைப் பக்கம் மருந்துக்கடையில் ஒரு பெண் உண்டு. வெள்ளைக் கோட்டு, சின்ன உருவம். ஒருநாள் பெகிமாயின் பெரியப்பா ஷர்ஷென் வழக்கம்போல எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய், "எனக்கு முதுகு வலி, மாத்திரை குடு" என்றார். அந்தப் பெண் தலையைக்கூடத் தூக்காமல், "வரிசையில வாங்க" என்றாள். ஊரில் அவரிடம் அப்படிப் பேச ஆளில்லை. பெரியப்பா நின்றார். முதுகு வலியோடு கடைசி ஆளாக நின்றார். பெகிமாய் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்: "அம்மா, நான் மருந்துப் படிப்புதான் படிக்கப் போறேன்."

மருந்துப் படிப்பு தலைநகரில்தான் இருந்தது. பிஷ்கெக். நாரினில் ஆசிரியர் படிப்பு. மகள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இரண்டும் கிடைக்கும். போனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட வேண்டும். அதற்குக் கெடு புல் அறுப்பு நாளன்று மாலையோடு முடிகிறது.

சினாராவுக்கு இரண்டுமே பயம். பிஷ்கெக் பெரிது, விழுந்தால் தூக்க ஆளில்லை, கூப்பிட்டால் போய்ச் சேர ஒரு நாள் ஆகும். பக்கத்து நாரின் என்றால் அந்தச் சாலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் விடுதியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் அந்தச் சாலை. போன இலையுதிர்காலத்தில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெண், நாரினில்தான் படித்தாள். தாய்க்காரி தேநீர் போட்டு வைத்துக் காத்திருந்தாள். தேநீர் ஆறியது. பெண் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவளைத் தூக்கிப் போனவன் வீட்டிலிருந்து சமாதானம் பேச ஆட்கள் வந்தார்கள். இப்போது அந்தப் பெண் கடையில் எதிர்ப்பட்டால் தரையைப் பார்த்துக்கொண்டே போகிறாள்.

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல?" என்பான் எமில்பெக். "நானே கூட்டிட்டுப் போறேன், நானே கூட்டிட்டு வர்றேன். பக்கத்துலதானே இருக்கு? ஊரெல்லாம் நம்ம ஆளுங்க. என் பொண்ண எவன் தொடுவான்?"

அவனும் பயந்துதான் போயிருந்தான். மகள் வளர வளர அவனுக்கு இளம் டிரைவர்களையே பிடிக்காமல் போனது. ஸ்டாண்டில் எவனாவது வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தால், "இவனுக்கு எதுக்குடா இவ்வளவு மினுக்கு?" என்று முறைப்பான். கடைக்குப் போன பெண் திரும்பக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடப்பான். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவன் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் அங்கே யார் நிற்பார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

புல் அறுப்பு நாள் வந்தது. ஆற்றோர நிலத்தில் காலையிலிருந்து வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் புல்மேலேயே துணி விரித்தார்கள். பொரித்த மாவுத் துண்டுகள், பாலாடை, ஆட்டுக்கறி, கெட்டில் நிறையத் தேநீர். அப்போதுதான் ஷர்ஷென் வந்தார், தனியாக வரவில்லை. சாம்பல் நிறக் கார் ஒன்று பாதையில் வந்து, புல்வெளி ஓரத்தில் மெதுவாகி நின்றது.

சினாரா எழுந்து ஆற்றுப் பக்கமாக இரண்டடி வைத்துவிட்டாள்.

ஓட்டி வந்தவன் இளைஞன். பேர் உலான். ஷர்ஷெனின் பழைய சிநேகிதர் ஒருவரின் மகன். குளிர்கண்ணாடி, சுத்தமான சட்டை, கையில் பெரிய தர்பூசணி. எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னான். நல்ல பையன் என்று சொல்ல எல்லாப் பொருத்தமும் அவனிடம் இருந்தது. தர்பூசணியை வெட்டி முதல் துண்டைச் சினாராவிடம்தான் நீட்டினான்.

"சாப்பிடுங்க அக்கா, தேன் மாதிரி இருக்கும்."

"அவ தேன் சாப்பிட மாட்டா, கடிக்கத்தான் செய்வா!" என்றார் ஷர்ஷென். பழைய கதையை நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். எமில்பெக்கும் விரலைத் தூக்கிக் காட்டினான். இன்று சினாராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்ன பெகிமாய், நாரினுக்குத்தானே?" என்றார் ஷர்ஷென், கறித்துண்டை வாயில் போட்டுக்கொண்டே.

பெகிமாய் அம்மாவைப் பார்த்தாள். "இன்னும் முடிவு பண்ணல பெரியப்பா."

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? பொம்பளப் புள்ளைக்கு வாத்தியார் வேலையைவிட என்ன வேணும்? அப்பன் வண்டி இல்லாத நாளைக்கு இதோ, இவன் இருக்கான். உலான் வாராவாரம் நாரின் போறான். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்து வீட்டு வாசல்ல விட்டுருவான். என்னடா?"

"கண்டிப்பா" என்றான் உலான். பெகிமாயைப் பார்த்துப் புன்னகைத்தான். "எந்த விடுதியில போடுவாங்க, தெரியுமா? பழசா, புதுசா? வெள்ளிக்கிழமையேதான் வருவியா? எத்தன மணிக்கு வகுப்பு முடியும்?"

யாரும் கேட்கக்கூடிய கேள்விகள்தான். பெகிமாய், "தெரியாது" என்றாள். சினாரா ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் கிண்ணம் நிரம்பி, துணியில் வழிந்து, புல்லில் இறங்கியது. எந்த விடுதி, எந்தக் கிழமை, எத்தனை மணி. அவன் வாயிலிருந்து வந்தது வேறு ஒன்றும் இல்லை, ஒருவேளை அவன் மனதிலும் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். புருஷனைப் பார்த்தாள். அவன் தர்பூசணி விதையைத் துப்பிக்கொண்டிருந்தான்.

"பாத்து ஊத்தும்மா, மழைக்காலம் போனப்புறம் எங்களுக்கு வெள்ளம் வேணாம்" என்றார் ஷர்ஷென். பிறகு தொண்டையைச் செருமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது. புள்ளைக்கு ஆசி சொல்லிடறேன்."

இரு கையையும் விரித்தார். சுற்றியிருந்தவர்கள் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டுக் கை ஏந்தினார்கள். எமில்பெக் ஏந்தினான். உலான் ஏந்தினான், கண்ணாடியைக்கூடக் கழற்றினான். பெகிமாயின் கைகளும் மடியிலிருந்து தானாகவே எழுந்தன.

"எங்க புள்ள பெகிமாய் பக்கத்துலேயே படிச்சு, பெத்தவங்க கண்ணு முன்னாலேயே இருந்து, நாரின் மண்ணுலேயே நல்ல குடும்பத்துல..."

ஷர்ஷெனின் குரல் நின்றது. அவர் சினாராவைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களும் பார்த்தார்கள்.

சினாராவின் கை எழவில்லை. அவள் திட்டம் போட்டுச் செய்ததில்லை. எழுப்பத்தான் பார்த்தாள், கை வரவில்லை. மேலங்கியின் மடிப்புக்குள் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. ஆசி பாதியில் நிற்பது நல்லதில்லை என்று அவளுக்கும் தெரியும். அதைத் தான் நிறுத்திவிட்டோம் என்பதும் தெரியும். இருந்தும் கை எழவில்லை.

பெகிமாய் அம்மாவின் மடியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் கைகளைக் கீழே இறக்கினாள்.

"என்ன இது?" என்றார் ஷர்ஷென்.

"கை வலிக்குது அத்தான்" என்றாள் சினாரா.

"அன்னிக்கு ஏந்துன கைதானே? இன்னிக்கு வலிக்குதாக்கும்!"

யாரும் சிரிக்கவில்லை. ஷர்ஷென் விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் தொடையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தம்பி, உன் வீட்டுல ஆம்பள யாருன்னு சொல்லி அனுப்பு, அப்புறமா வர்றேன்" என்று எமில்பெக்கிடம் சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். உலான் எல்லோருக்கும் மறுபடி குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு அவர் பின்னால் போனான். மரியாதை தெரிந்த பையன், அதில் குறை சொல்ல முடியாது.

மீதி வேலையை எப்படி முடித்தார்களோ. வீட்டுக்குத் திரும்பியதும் எமில்பெக் மகளை அனுப்பித் தொழுவத்தில் மாட்டைக் கட்டச் சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்தினான்.

"என் மானத்த வாங்கிட்ட."

சினாரா ரொட்டியை எடுத்துத் துணியில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"எங்கண்ணன் முன்னாடி, வேத்து ஆள் முன்னாடி! அவர் என்ன, சாபமா குடுத்தாரு? ஆசிதானே சொன்னாரு?"

"அந்தப் பையன் என்ன கேட்டான்னு கேட்டீங்களா?"

"எந்தப் பையன்?"

"எந்த விடுதின்னு கேட்டான். எந்தக் கிழமைன்னு கேட்டான். எத்தன மணிக்குன்னு கேட்டான்."

"உதவி பண்றேன்னு வந்தவன் கேக்க மாட்டானா? பைத்தியமா உனக்கு? இப்பல்லாம் சட்டம் இருக்கு, ஜெயில்ல போடறாங்க. அதோட அவன் நம்ம ஆளுங்க புள்ள. நாரின்ல நாலு தெரு தள்ளினா எல்லாம் நம்ம ஆளுங்க. பிஷ்கெக்குல யாரு இருக்கா? அங்க மட்டும் கார் இல்லையா?"

"இருக்கு. எல்லா ஊர்லயும் கார் இருக்கு. ஆனா அங்க அவ யாரு பொண்ணுன்னு எவனுக்கும் தெரியாது. முன்னப் பின்ன தெரியாதவன் கார்ல அவ ஏற மாட்டா. தெரிஞ்சவன் கார்லதான் ஏறுவா."

"நான் இருக்கும்போது என் பொண்ண எவன் தொடுவான்னு கேக்கறேன்!"

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு." சுற்றிய ரொட்டியை மேசையில் வைத்தாள். "பக்கத்துலதானே, ஊரெல்லாம் நம்ம ஆளுங்க, என் பொண்ண எவன் தொடுவான்னுதான் சொன்னாரு. அதுக்காகத்தான் என்னை நாரின்ல சேத்தாரு. அவரு பொண்ண எவன் தொட்டான், எமில்பெக்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. எங்கள் பெண்கள் சொல்ல மாட்டார்கள். 'பெகிமாய் அப்பா' என்பாள், 'ஏங்க' என்பாள், யாராவது பேர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவளைச் சொல்லச் சொல்வாள். அந்தப் பேர் இன்று அவள் வாயிலிருந்து வந்ததும் அவன் கன்னத்தில் அறை வாங்கியவனைப் போல நின்றான்.

அவன் கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போனான். வேன் கதவு திறக்கும் சத்தமும் சாத்தும் சத்தமும் கேட்டன. இன்ஜின் சத்தம் வரவில்லை.

சினாரா ஜன்னல் பக்கம் போனாள். பேசியாயிற்று, இனி என்ன ஆகும்? அண்ணன் வீட்டுக்குப் போய் ஆட்களோடு திரும்பி வருவானா? நாளைக்கே அந்தப் பையன் வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டால்? ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பெகிமாய் தொழுவத்திலிருந்து வந்தாள். கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கையில் போன் இருந்தது.

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. என்ன போடறது?"

"இரு."

"அப்பா வேணாம்னா நான் நாரினே போடறேன்மா. வாத்தியார் படிப்பும் நல்லதுதான். நீயும் அதானே படிச்ச?" போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "உன்ன ஏசறாங்கன்னா எனக்கு எதுவும் வேணாம்."

சினாரா மகளின் கையைப் பிடித்துப் போனோடு சேர்த்து மூடினாள். "நாரின் போடாத. பிஷ்கெக்குன்னா எனக்குப் பயம்தான். நீ போன நாள்லேருந்து எனக்குத் தூக்கம் வராது. வரலைன்னா போகட்டும். நாரின் மட்டும் போடாத."

"அப்பா ஒத்துக்கலைன்னா?"

பிஷ்கெக்குக்குப் போகவும் அந்த மனுஷனுடைய வேன்தான் வேண்டும், விடுதியில் சேர்க்கவும் அவன் கையெழுத்துத்தான் வேண்டும். இருவரும் மேசை ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வெளியே வெளிச்சம் மஞ்சளாகி மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது.

வேன் கதவு திறந்தது. எமில்பெக் உள்ளே வந்தான். பூட்ஸைக் கழற்றாமல் வந்தான், அதுவே அவன் நிலையில் இல்லை என்று சொன்னது. மேசைக்கு வரவில்லை. நிலைப்படி ஓரத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். மனைவியைப் பார்க்கவில்லை.

"போனை எடு" என்றான் மகளிடம்.

பெகிமாய் எடுத்தாள்.

"பிஷ்கெக் போடு. அந்த மருந்துப் படிப்பு."

அவள் விரல் இரண்டு முறை தவறான இடத்தில் பட்டது. மூன்றாவது முறை சரியாக விழுந்தது. 'ஏற்கப்பட்டது' என்று திரையில் வந்தது. யாருக்கும் சந்தோஷப்படத் தோன்றவில்லை. எமில்பெக் பேசிக்கொண்டே போனான், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதைப் போல.

"ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. அங்க எவன் வந்து காரை நிறுத்துனாலும் ஏறாத. தெரிஞ்சவன்னாலும் ஏறாத. பெரியப்பா அனுப்புனாருன்னு சொன்னாலும் ஏறாத. நம்ம ஊர்ப் பேரு, உங்கப்பன் பேரு, உங்க வீட்டுல எத்தன மாடுங்கற வரைக்கும் முன்னாடியே விசாரிச்சு வச்சிருப்பான். சரியா சொல்லுவான். நீ நம்பிடுவ."

"சரிப்பா."

"கேளு. சிரிச்சுகிட்டு வர மாட்டான். அழுவுற மாதிரி வருவான். ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குவான். உங்கப்பாவுக்கு முடியல, நெஞ்சப் புடிச்சுகிட்டு விழுந்துட்டாரு, உன் பேரத்தான் சொல்லிட்டு இருக்காரு, சீக்கிரம் ஏறும்பான். பையைக்கூட எடுக்க விடமாட்டான். ஏறாத. நான் செத்துட்டேன்னு சொன்னாலும் ஏறாத. அம்மாவுக்குப் போன் பண்ணு."

பெகிமாய் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்பா, அம்மாகிட்ட அப்படித்தான் சொன்னீங்களா?"

எமில்பெக் கடிபட்ட விரலை மறு கையால் மூடிக்கொண்டான். விருந்துகளில் அந்தக் கதை எப்போதும் கடியிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முன்னால் நடந்தது எதையும் அவன் சொல்லிச் சினாரா கேட்டதில்லை. மறந்துவிட்டான் என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு சொல்கூட மறக்கவில்லை, மூச்சு வாங்கியதைக்கூட மறக்கவில்லை.

"ஆமா" என்றான்.

பெகிமாய் அம்மா பக்கம் திரும்பினாள்.

"தாத்தாவுக்கு நெஜமாவே அன்னிக்கு முடியலையாம்மா?"

"நல்லாத்தான் இருந்தாரு" என்றாள் சினாரா. "மறுநாள் என்னைக் கூட்டிட்டுப் போகக் குதிரையில வந்தாரு. நான் கை ஏந்திட்டேன்னு சொல்லி வெறுங்கையா அனுப்பிச்சாங்க. வீட்டுக்குப் போய்ப் படுத்தவரு, அப்புறம் எந்திரிக்கல."